புரியாத ராக் பாடல் வரிக்கு உரை காண்பதும் அதைப் பற்றி வாதிடுவதும் எப்படி?

ஒரு ராக் பாடலின் விளங்காத வரியைப் பற்றி இரண்டு ரசிகர்கள் விடிய விடிய வாதிட்டும் முடிவு காணாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது: இருவரும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பாடகர் வாயிலிருந்து வரும் சொல் எது என்பது ஒரு கேள்வி. அந்தச் சொற்கள் அந்த வரிசையில் என்ன பொருள் தருகின்றன என்பது இன்னொன்று. எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது என்பது மூன்றாவது. கேட்கும் எனக்கு அது என்னவாகப் படுகிறது என்பது நான்காவது. பழைய உரையாசிரியர்கள் பாடத்தை, அதாவது மூலத்தில் உள்ள சொற்கள் எவை என்பதை, உறுதி செய்துகொண்டு பதவுரைக்குப் போவார்கள். பதவுரை முடிந்த பிறகே விளக்கத்தில் கை வைப்பார்கள். மின்கிதாருக்கும் இந்த வரிசை பொருந்தும் என்பது என் அனுபவம்.

பாடத்தை உறுதி செய்தல்

அமெரிக்காவின் கிங்ஸ்மென் குழு 1963இல் வெளியிட்ட ‘லூயி லூயி’யில் பாடகர் சொல்வது யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபடாத இடத்தில் ஆபாசம் ஒளிந்திருப்பதாக வதந்தி பரவி, புகார்கள் குவிந்து, கடைசியில் எஃப்.பி.ஐ. விசாரணையே நடத்தியது, தட்டை வெவ்வேறு வேகங்களில் சுழலவிட்டுக் கேட்ட பின்னும் சொற்கள் விளங்கவில்லை என்பதுதான் அது கண்ட முடிவு. இத்தனைக்கும் பாட்டை எழுதிய ரிச்சர்ட் பெர்ரி 1957இலேயே தெளிவாகப் பாடி வெளியிட்ட தட்டு இருந்தது. காதலியிடம் திரும்பிப் போகத் துடிக்கும் ஒரு கடலோடியின் புலம்பல் அது, அவ்வளவே. ஆகவே நீங்கள் கேட்பது மூலப் பதிவா, பிறர் பாடிய மறுபதிவா என்று பார்ப்பதே முதல் வேலை.

மூலத்தை எடுத்துக்கொண்டு, சந்தேகமான வரியை மட்டும் ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். சுருதி மாறாமல் வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது, அது உதவும். ஆனால் பாதிக்கும் கீழே போனால் மெய்யொலிகள் குழைந்து, இல்லாத சொற்களெல்லாம் கேட்கத் தொடங்கிவிடும். அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் குரல் ஒரு பக்கமாகவே ஒதுங்கியிருக்கும்; அப்போது மறுபக்கத்தை அடைத்துவிட்டால் சொல் துலங்கும். கேட்கும்போது சொற்களை எழுதாமல் அசைகளை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை அசை, எது நெடில், எந்த இடத்தில் உதடு ஒட்டுகிறது என்பவற்றை மட்டும் குறித்து, உறுதியில்லாத இடத்தைக் கோடிட்டு விட்டுவிட வேண்டும். சொல்லாக எழுதிய மறுகணமே காது அந்தச் சொல்லுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 1967ஆம் ஆண்டுப் பாடலான ‘பர்ப்பிள் ஹேஸ்’ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வானை முத்தமிடப் போவதாக அவர் பாடும் ‘கிஸ் த ஸ்கை’ என்பதை, ‘கிஸ் திஸ் கை’, அதாவது இந்த ஆளை முத்தமிடப் போகிறேன், என்று கேட்டவர்கள் ஏராளம். அவர்களுடைய காதில் குறையில்லை. ஆங்கிலத்தில் ஸகர ஒலியை அடுத்து வரும் ககரம் மூச்சுக் காற்றை இழந்து மெலிகிறது. அந்த ஸகரத்தை முந்தைய சொல்லோடு ஒட்டிக் கேட்டுவிட்டால் எஞ்சுவது மெல்லிய ககரமாகவே காதில் விழும். ஒரே ககரத்தை வைத்து வல்லொலி (k), மெல்லொலி (g) இரண்டையும் எழுதிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. ஆக, ஒரு சொல் தவறாகக் கேட்கிறது என்று சந்தேகம் வந்தால், முதலில் ஆராய வேண்டிய இடம் சொல்லின் நடுப்பகுதி அல்ல, இரண்டு சொற்கள் முட்டிக்கொள்ளும் எல்லை. இவ்வாறு தவறாகக் கேட்கும் சொற்களுக்கு ‘மாண்டகிரீன்’ என்ற பெயரை 1954இல் சில்வியா ரைட் என்ற எழுத்தாளர் சூட்டினார். ஒரு பழைய ஸ்காட்டியக் கதைப்பாடலில், இறந்தவனைப் புல்வெளியில் கிடத்தினார்கள் (‘லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்’) என்ற தொடரை, ‘லேடி மாண்டகிரீன்’ என்ற சீமாட்டியும் கூடவே இறந்ததாகச் சிறுமியாக இருந்தபோது அவர் கேட்டிருந்தார். அந்தச் சீமாட்டியை இழக்க அவருக்கு மனம் வரவில்லை என்பதை எந்த ரசிகரும் புரிந்துகொள்வார்.

உங்கள் காதைச் சோதிக்க இன்னொருவர் காது வேண்டும். ஆனால் அவரிடம் உங்கள் ஊகத்தை முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. பாட்டை ஓடவிட்டு, காகிதத்தை நீட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். இது வெறும் நாகரிகத்திற்காகச் சொல்வதல்ல. ஜான் வோக்கி, டான் ரீட் என்ற உளவியலாளர்கள் பின்னோக்கி ஓடவிட்ட பேச்சை வைத்துச் செய்த சோதனைகளை 1985இல் வெளியிட்டார்கள். என்ன கேட்கும் என்று சொல்லிவிட்டால் கேட்பவர்களுக்கு அது பெரும்பாலும் அப்படியே கேட்கிறது, சொல்லாவிட்டால் கேட்பதில்லை என்பது அவற்றில் தெரிந்தது. பாடலைத் தலைகீழாக ஓடவிட்டு மறைபொருள் தேடும் வழக்கத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அச்சிட்ட வரிகள் இருந்தால் இசைத்தட்டின் உறையைப் பாருங்கள். இணையத்தில் ஒரே பாடம் பத்து இடங்களில் கிடைப்பது பத்து சாட்சிகள் கிடைத்ததற்குச் சமமல்ல. ஒருவர் கேட்டு எழுதியதை ஒன்பது பேர் படியெடுத்திருக்கக்கூடும். பத்திலும் ஒரே எழுத்துப் பிழை இருந்தால் ஐயமே வேண்டாம். உறையில் அச்சானதும் வேதவாக்கல்ல. பதிவறையில் கடைசி நேரத்தில் மாறிய சொல் அச்சுக்குப் போகாமல் நின்றுவிடுவதுண்டு.

சில பாடல்களுக்கு நிலையான பாடமே கிடையாது. பேர்ல் ஜாம் குழுவின் ‘யெல்லோ லெட்பெட்டர்’ 1992இல் வேறொரு பாடலின் மறுபக்கத்தில் வெளிவந்தது. குழுவின் பாடகர் எடி வெடர் அதை மேடையில் பாடும்போதெல்லாம் சொற்களை மாற்றுகிறார். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் ஜான் ஃபோகெர்டியோ இன்னும் ஒருபடி மேலே போனார்: தீய நிலவொன்று எழுகிறது (‘பேட் மூன் ஆன் த ரைஸ்’) என்ற தம் 1969ஆம் ஆண்டு வரியை, வலப்பக்கம் குளியலறை இருக்கிறது (‘பாத்ரூம் ஆன் த ரைட்’) என்று ரசிகர்கள் கேட்டதை அறிந்து, கச்சேரிகளில் வேண்டுமென்றே அப்படியே பாடிக் காட்டினார். இத்தகைய இடங்களில் எது சரியான பாடம் என்று சண்டையிடுவதில் பயனில்லை. இன்ன ஆண்டின் இன்ன பதிவில் இன்ன சொல் என்று குறித்து, பாடபேதமாக அருகருகே வைத்துக்கொள்வதே முறை.

பதவுரை

சொற்கள் உறுதியானதும் ஒவ்வொன்றுக்கும் அகராதிப் பொருளைப் பார்க்க வேண்டும். தெரிந்த சொல் என்று நினைப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1973இல் எழுதி, மான்ஃப்ரெட் மான்ஸ் எர்த் பேண்ட் 1976இல் மறுபதிவு செய்த ‘பிளைண்டட் பை த லைட்’ பாடலில் வரும் ‘டூஸ்’ என்ற சொல்லைச் சீட்டுக்கட்டின் இரண்டு என்று கொண்டு, பாடல் முழுவதும் சூதாட்டத்தைப் பற்றியது என்று பல நாள் ஒரு நண்பரோடு மல்லுக்கட்டினேன். சீட்டின் இரண்டுக்கும் அதுதான் பெயர் என்பதால் என் உரை பார்ப்பதற்குக் கச்சிதமாகவே இருந்தது. ஆனால் 1932ஆம் ஆண்டு ஃபோர்டு காருக்கும் அந்த ஆண்டெண்ணின் கடைசி இரண்டை வைத்து ‘டூஸ்’ என்றுதான் பெயர். அதை அறிந்த பிறகு, மறுபதிவில் அந்தச் சொல்லுக்கு முன்னால் எஞ்சினை முறுக்கிவிடுவதைக் குறிக்கும் வினை ஏன் நிற்கிறது என்பது தானாகவே விளங்கிற்று. அருகில் நிற்கும் வினையை நான் பார்த்திருந்தாலே போதும், பார்க்கவில்லை.

அடுத்தது தொடரமைப்பு. புரோகோல் ஹாரம் குழுவின் ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ (1967) பாடலுக்குக் கீத் ரீட் எழுதிய வரிகளில், மாவு அரைப்பவன் தன் கதையைச் சொல்லும்போது அவள் முகம் வெளிறிப்போனதாக வருகிறது. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் கேன்டர்பரிக் கதைகளில் மாவு அரைப்பவன் சொல்லும் கதை ஒன்று உண்டு, அதுவும் பச்சையான கதை. எனவே அந்தக் கதையைக் கேட்ட நாணத்தால் முகம் வெளிறியது என்று உரை சொல்வோர் பலர். வரியை அதன் அமைப்போடு பாருங்கள்: கதை சொல்லும்போது என்ற காலம்தான் அங்கே இருக்கிறது, கதை கேட்டதால் என்ற காரணம் இல்லை. காலத்தைக் காரணமாக்குவது உரைகாரரின் சொந்தச் சரக்கு. அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரியில் இருப்பது இவ்வளவு, நான் சேர்ப்பது இவ்வளவு என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். மேலும் ரீட் முதலில் எழுதிய நான்கு பத்திகளில் தட்டில் இடம்பெற்றவை இரண்டே. எஞ்சிய இரண்டையும் படிக்காமல் கதையோட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அரைக் கிணறு தாண்டுவதாகும்.

பதவுரையிலேயே நின்றுவிடுவதும் ஆபத்துதான். ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வில் வைன் கேட்பவனுக்கு, 1969 முதல் அந்த ‘ஸ்பிரிட்’ இங்கே இல்லை என்று விடை வருகிறது. ‘ஸ்பிரிட்’ என்றால் காய்ச்சி வடிக்கும் சரக்கு, வைன் அப்படியல்லவே, இவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்பவர், அதே சொல்லுக்கு ஆன்மா, உயிர்ப்பு என்ற பொருளும் இருப்பதை மறந்து, சிலேடையின் முதல் பாதியோடு எழுந்து போய்விட்டவர்.

எழுதியவர் சொன்னது

எழுதியவர் கூற்றுச் சான்றுதான். ஆனால் எந்த ஆண்டில், யாரிடம், எந்த மனநிலையில் சொன்னார் என்பதோடு சேர்த்தே அதை எடை போட வேண்டும். தாம் படித்த லிவர்பூல் பள்ளியில் பீட்டில்ஸ் பாடல்களை வகுப்பில் ஆராய்கிறார்கள் என்று ஒரு மாணவர் எழுதிய கடிதத்தைப் பார்த்த ஜான் லெனன், அந்த ஆராய்ச்சியாளர்களைத் திணறடிக்கவே ‘ஐ ஆம் த வால்ரஸ்’ பாடலில் (1967) சில வரிகளைச் சேர்த்தார். அடுத்த ஆண்டு வேறொரு பாடலில், வால்ரஸ் என்பது பீட்டில்ஸ் தோழர் பால் மெக்கார்ட்னிதான் என்று இன்னொரு முடிச்சையும் போட்டார். பிற்காலத்தில், தம் பாடலுக்கு வால்ரஸைத் தந்த லூயிஸ் கேரலின் கவிதையில் வால்ரஸ் கெட்டவன் என்பதைத் தாம் அப்போது கவனிக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். மூன்றும் ஒருவர் வாக்கே; மூன்றுக்கும் ஒரே எடை இல்லை.

சாசரின் மாவு அரைப்பவன் கதையைத் தாம் படித்ததே இல்லை என்று கீத் ரீட் கூறியிருக்கிறார். அப்படியானால் சாசர் உரை செத்துவிட்டதா? ‘ரீட் சாசரைக் குறிப்பிடுகிறார்’ என்ற கூற்று விழுந்துவிடுகிறது. ‘சாசரைப் படித்தவருக்கு இந்த வரி சாசரை நினைவூட்டுகிறது’ என்ற கூற்று அப்படியே நிற்கிறது. தோற்பது பல நேரங்களில் உரை அல்ல, அதற்குப் போட்ட எழுவாய்.

செய்முறையையும் விசாரியுங்கள். டேவிட் போவி எழுபதுகளில், எழுத்தாளர் வில்லியம் பரோஸ் வழியில், எழுதிய தாளைக் கத்தரித்துத் துண்டுகளை மாற்றி அடுக்கிச் சில வரிகளை உருவாக்கினார். அத்தகைய பாடலில் அடுத்தடுத்த வரிகளைக் கோத்து ஒரு கதை பின்னுவது வீண்வேலை. கொண்டுகூட்டு முறையில் தொலைவிலுள்ள வரியோடு இணைப்பதும் அதே அளவுக்கு ஐயத்திற்குரியது. ஆனால் எந்தத் துண்டை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று தேர்ந்தவர் அவரே. ஆகவே திரும்பத் திரும்ப வரும் படிமங்களைப் பற்றிப் பேசலாம்.

வாதம்

வாதத்தைத் தொடங்கும்போதே நான்கு கேள்விகளில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஒரு வரியில் பிறந்த உரை பாடலின் மற்ற வரிகளையும் தாங்குகிறதா என்று பார்த்து, தாங்காத வரி இருந்தால் எதிராளி கண்டுபிடிக்கும் முன் நீங்களே எடுத்து வையுங்கள். எல்லாமே போதைப்பொருளைப் பற்றியது என்பது போன்ற, எந்தப் பாடலுக்கும் பொருந்தும் உரை எந்தப் பாடலையும் விளக்குவதில்லை. இதில் எனக்குப் பொறுமை குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஏற்காத உரையையும் ‘என்று பொருள் கொள்வாரும் உளர்’ என்று பதிவு செய்துவிட்டு மேலே போகும் பழைய உரைகளின் நாகரிகம் இங்கே மிகவும் பயன்படும். எதிராளியின் உரையை அவரே ஒப்பும் வகையில் முதலில் சொல்லிவிட்டு மறுத்தால், பாதி நேரம் மிச்சமாகும்.

இந்த முறையை எல்லை வரை கொண்டுபோய்ச் சோதிக்க விரும்பினால், ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002இல் வெளியிட்ட, இரண்டு அடைப்புக்குறிகளை மட்டுமே தலைப்பாகக் கொண்ட இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாடுவது எந்த மொழியும் அல்ல, பொருளற்ற ஒலிகள். கூடவே வரும் சிறு புத்தகத்தின் பக்கங்கள் வெற்றாக இருக்கின்றன. பாடம், பதவுரை, ஆசிரியர் கருத்து என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே வேலையில்லை. நான்காவது கேள்விக்கு மட்டும் அந்த வெற்றுப் பக்கங்களில் பென்சிலால் விடை எழுதலாம்.