மாடு வந்தால் தாய்வழி போகுமா? ஒரு வழக்கத்தைப் பரிணாம முறையில் சோதிப்பது எப்படி

பரிணாமத்தைச் சமூக ஆய்வுக்குள் கொண்டுவர நினைக்கிறவர்கள் பலர் எடுத்த எடுப்பில் கற்கால மனிதனிடம் போய்விடுகிறார்கள். அங்கே போகாதீர்கள், அழகான கதை கிடைக்கும், சோதிக்க வழி கிடைக்காது. ஒரே ஒரு வழக்கத்தை எடுத்து, அது எதனால் மாறியது என்று கேளுங்கள்.

ஆப்பிரிக்காவில் பாண்டு மொழி பேசும் மக்களைப் பாருங்கள். மாடு வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் தந்தைவழி, அதாவது குலமும் சொத்தும் தந்தை வழியாக இறங்கும். தாய் வழியாக இறங்கும் தாய்வழி அதிகம் இருப்பது மாடில்லாத இடங்களில். பரிணாமம் தரும் ஊகம் இது: மாடுதான் பரிசம், மாடுள்ள மகன் பல பெண்களை மணக்கலாம், ஆக மகனுக்குச் சொத்து விடும் பெற்றோருக்குப் பேரப்பிள்ளைகள் கூடுவார்கள்.

சரி, ஊகம் வந்தாச்சு. உடனே இனங்களை எண்ணி விழுக்காடு போடாதீர்கள். 1888இல் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் சுமார் 350 சமூகங்களின் திருமண வழக்கங்களை எண்ணிக் கட்டுரை வாசித்தபோது, இவற்றில் எத்தனை ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டன் கேட்டார். எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஒரே மூதாதையிடமிருந்து மாட்டையும் தந்தைவழியையும் சேர்த்தே பெற்ற பத்து இனங்கள் பத்துச் சான்று ஆகாது, ஒன்றுதான்.

அதனால் எண்ண வேண்டியது இனங்களை அல்ல, மாற்றங்களை. அதற்கு மரம் வேண்டும். எந்த இனத்தின் மொழி எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் மொழிக்குடும்ப மரத்தை எடுத்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் மாடு உண்டா, மரபு எந்த வழி என்று குறியுங்கள் (தகவல் உலகச் சமூகங்களின் வழக்கங்களைத் தொகுத்த டி-பிளேஸ் (D-PLACE) தரவுத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்). அப்புறம் மரத்தின் கிளைகளில் பண்புகள் எப்படி மாறின என்று கணிக்கும் பேயஸ்டிரெய்ட்ஸ் (BayesTraits) மென்பொருளில் இரண்டு கணித மாதிரிகளை ஓட்டுங்கள்: மாடும் மரபும் தனித்தனியே மாறின என்பது ஒன்று, ஒன்றின் மாற்றம் மற்றதைப் பொறுத்தது என்பது இன்னொன்று. எது தரவுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று ஒப்பிடுங்கள். மானிடவியலாளர்கள் கிளேர் ஹோல்டனும் ரூத் மேஸும் 2003இல் 68 மக்கள்குழுக்களை வைத்து இதே வழியில் சோதித்தார்கள். மாடு வந்த பிறகு தாய்வழி கைவிடப்பட்டது என்ற வரிசை அதில் தெரிந்தது. வெறும் தொடர்புக் கணக்கு இந்த முன்பின்னைச் சொல்லாது.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. பக்கத்து இனத்திடமிருந்து கற்ற வழக்கத்தை மொழி மரம் காட்டாது, எனவே வரைபடத்தையும் கூடவே வையுங்கள். மாடுகளுக்கு நோய் பரப்பும் செட்சி ஈ உள்ள பகுதிகளில் மாடு பிழைப்பது கடினம் என்பதும் அதில்தான் புலப்படும். நமீபியாவின் ஹெரேரோ மக்களிடம் மாடுகள் ஏராளம், ஆனால் பெரும்பகுதி தாய்வழியிலேயே கைமாறி வந்தன. இப்படிப்பட்ட விதிவிலக்கை ஒதுக்கிவிடாமல் களப்பதிவுகளைத் தேடிப் படியுங்கள், ஊகத்தில் எந்தப் படி அங்கே பொருந்தவில்லை என்று பாருங்கள், அடுத்த சோதனையை அதிலிருந்து அமையுங்கள்.