பச்சை வட்டத்தை நம்பாதீர்கள்: வீட்டிலேயே பிஎம்ஐ பார்ப்பது எப்படி?

கைப்பேசிச் செயலி ஒன்றில் என் எடை 64 கிலோ, உயரம் 162 சென்டிமீட்டர் என்று தட்டினேன். பிஎம்ஐ 24.4 என்று காட்டி, பக்கத்தில் பச்சை வட்டம் ஒன்றைப் போட்டு ‘இயல்பு’ என்றது. அந்தப் பச்சையை நம்பி ஓர் ஆண்டு நிம்மதியாக இருந்தேன். மறு ஆண்டு அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று, இயல்பைவிடக் கூடுதலாக வந்தது. அங்கிருந்த மருத்துவர் என் எடையைக் கேட்கவே இல்லை. எழுந்து நிற்கச் சொல்லிப் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இந்தத் தொப்பை எத்தனை வருடமாக இருக்கிறது?” என்றார்.

செயலி கணக்கில் தவறு செய்யவில்லை. அது வைத்திருந்த அட்டவணைதான் என் உடலுக்கு உரியதல்ல. ஆகவே இந்தப் பதிவில் எப்படி அளப்பது, எந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது, பார்த்தபின் வேறு எதை அளப்பது என்ற மூன்றையும் சொல்கிறேன். ஓர் எடைக் கருவி, தையல் டேப், பென்சில், அட்டைப்பெட்டி ஒன்று இருந்தால் போதும்.

அது என்ன எண்?

பிஎம்ஐ என்பது உடல் நிறைக் குறியீட்டெண். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது. இதைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்லர். அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டு வானியலாளர், புள்ளியியலாளர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று 1830களில் ஆராய்ந்தபோது, வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று கவனித்தார். யார் குண்டு, யார் ஒல்லி என்பது அவருடைய கவலையே இல்லை. 1972இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும்தான் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்கள். அந்த ஆய்வில் அளக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். இந்த எண் கூட்டத்தை அளக்கப் பிறந்தது, தனி ஆளை அளக்க அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

படி 1: எடை

முதலில் கருவியைச் சோதியுங்கள். பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை ஒன்றை எடுங்கள். வெறுமனே ஏறி நின்று ஓர் அளவு, பையைப் பிடித்துக்கொண்டு ஏறி இன்னோர் அளவு. வித்தியாசம் 5 கிலோவுக்குக் கிட்ட இருந்தால் கருவி நம்பத்தக்கது. ரயில் நிலையங்களில் பல வண்ண விளக்குகள் சுழல, காசு போட்டால் எடையோடு ஜோசியமும் அச்சடித்த அட்டையைத் தள்ளும் இயந்திரம் நினைவிருக்கிறதா? அதில் ஜோசியத்தை வேண்டுமானால் நம்பலாம்.

கருவியைப் பாய் மீதோ விரிப்பின் மீதோ வைக்காதீர்கள், அளவு மாறும். சமமான தரைதான் சரி. காலையில் கழிப்பறைக்குப் போய் வந்தபின், எதுவும் சாப்பிடும் முன், மெல்லிய உடையில் ஏறுங்கள். எப்போது ஏறினாலும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் எடை பார்த்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்து மறுபடி ஏறிப் பார்க்கட்டும். அரை கிலோ கூடியிருக்கும். கொழுப்பு ஒரு கிராம்கூட ஏறியிருக்காது.

படி 2: உயரம்

எல்லாரும் கோட்டை விடும் இடம் இதுதான். எடையை நாம் அடிக்கடி பார்க்கிறோம். உயரத்தையோ கல்லூரிக் காலத்தில் யாரோ சொன்ன எண்ணாகவே சாகும்வரை வைத்திருக்கிறோம். கணக்கில் உயரம் இரண்டு முறை வருவதால் அதில் நேரும் பிழையும் இரட்டிப்பாகிறது.

அடியில் டைல்ஸ் பட்டை துருத்தாத சுவராகப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் கதவு நிலை. செருப்பில்லாமல் நின்று, குதிகால், பின்பக்கம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொடும்படி நில்லுங்கள். கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். முகவாயைத் தூக்காமல், தாழ்த்தாமல், நேரே பாருங்கள். வீட்டில் இன்னொருவர் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டப் பிடித்து, மெல்ல இறக்கி உச்சந்தலையில் அமர்த்த வேண்டும். ஸ்கேலையோ புத்தகத்தையோ தலையில் வைத்தால் சாய்ந்துவிடும். பெட்டியின் மூலை செங்கோணம் என்பதால் சாயாது. பெட்டியின் அடிப்பக்கம் சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு கிழித்து, தரையிலிருந்து கோடு வரை அளக்கவும். இரண்டு முறை அளந்து பார்ப்பது நல்லது. காலையில் இருக்கும் உயரம் மாலையில் சற்றே குறைந்திருக்கும் என்பதால், எடை பார்த்த காலையிலேயே இதையும் முடித்துவிடுங்கள்.

அடி, அங்குலத்தில் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 5 அடி 4 அங்குலம் வேறு, 5.4 அடி வேறு. அடிக்கு 12 அங்குலம் என்பதால் முதலாவது 64 அங்குலம், 2.54ஆல் பெருக்கினால் 162.56 சென்டிமீட்டர். இரண்டாவது ஏறத்தாழ 164.6 சென்டிமீட்டர். 64 கிலோ உள்ள ஒருவருக்கு முதல் உயரத்தில் 24.2 என்றும், இரண்டாவதில் 23.6 என்றும் வரும். ஒரு புள்ளி வைத்த குற்றத்துக்கு அரைக்கும் மேலான வித்தியாசம்!

படி 3: கணக்கு

162 சென்டிமீட்டர் என்றால் 1.62 மீட்டர். கால்குலேட்டரில் 64 ÷ 1.62 ÷ 1.62 என்று அப்படியே தட்டுங்கள். 24.386 என்று வரும், 24.4 என்று எழுதிக்கொள்ளலாம். இவ்வளவுதான்.

படி 4: எந்த அட்டவணை?

உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணையில் 18.5க்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு. 18.5 முதல் 24.9 வரை இயல்பு. 25இலிருந்து அதிக எடை, 30இலிருந்து உடல் பருமன். பல செயலிகள் இதைத்தான் வைத்திருக்கின்றன.

ஆனால் ஆசிய மக்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருகின்றன என்பதை அந்த நிறுவனத்தின் வல்லுநர் குழுவே ஏற்றுக்கொண்டு, 2004இல் 23, 27.5 ஆகிய எண்களைக் கூடுதல் எச்சரிக்கைக் கோடுகளாகச் சேர்த்தது. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இல் வெளியிட்ட வரையறை இன்னும் கறாரானது: 22.9 வரைதான் இயல்பு, 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25ஐத் தொட்டாலே உடல் பருமன். என் 24.4 இங்கே பச்சையில் இல்லை. இலங்கைத் தமிழரும், தலைமுறைகளாக வெளிநாட்டில் வாழும் தமிழரும்கூட இந்தக் கறாரான கோட்டை வைத்துக்கொள்வதே நல்லது. கடவுச்சீட்டு மாறினால் உடல்வாகு மாறிவிடாது.

நம் உடலில் அப்படி என்ன வித்தியாசம்? இதை ஒரே ஒரு புகைப்படத்தில் காட்டியவர்கள் இரண்டு மருத்துவர்கள். புனேயைச் சேர்ந்த யாக்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இருவரும் அருகருகே நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடல் கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். அதே எண்ணுக்குள் ஒருவரிடம் தசை கூடுதலாகவும், மற்றவரிடம் கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகவும் இருந்திருக்கிறது. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வரும் நம் ஊர் உடலை நினைத்துப் பாருங்கள். எடைக் கருவிக்கு அந்த வயிறு தெரியாது.

படி 5: இடுப்புச் சுற்றளவு

ஆகவே டேப்பை எடுங்கள். பெயர்தான் இடுப்புச் சுற்றளவு. பேன்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. நம்மில் பலர் தொப்பைக்குக் கீழே பேன்ட்டை இறக்கிக் கட்டிக்கொண்டு, ‘பத்து வருடமாக 34தான்’ என்று பெருமைப்படுகிறோம். நானும் அந்தக் கட்சிதான். 34 அங்குலம் என்றால் 86 சென்டிமீட்டர். முறையாக அளந்தபோது எனக்கு வந்தது 93.

முறை இதுதான். விலா எலும்பின் கடைசி விளிம்பைப் பக்கவாட்டில் தடவிக் கண்டுபிடியுங்கள். அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் வெறும் உடம்பில் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் கீழே தொங்கியிருக்கும். கண்ணாடியில் பார்த்துச் சமன் செய்யவும். இறுக்க வேண்டாம். இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் அளவைப் பாருங்கள். எக்கிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றுவது. வெகுகாலம் பழகிய துணி டேப் நீண்டு, அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால், இரும்பு ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது கோடு. எளிமையாக நினைவு வைக்க வேண்டுமானால், இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். என் உயரத்தில் பாதி 81. நான் 12 சென்டிமீட்டர் தாண்டி நிற்கிறேன்.

படி 6: நான்கு கேள்விகள்

சென்னையில் மருத்துவர் மோகனும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. இதில் பிஎம்ஐ இல்லவே இல்லை, இடுப்புச் சுற்றளவுதான் இருக்கிறது. ரத்தம் எடுக்காமல் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம்.

வயது 35க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50 அல்லது அதற்கு மேல் 30. இடுப்பு, ஆணுக்கு 90க்குள், பெண்ணுக்கு 80க்குள் இருந்தால் 0; ஆணுக்கு 90 முதல் 99, பெண்ணுக்கு 80 முதல் 89 என்றால் 10; அதற்கு மேல் 20. முறையான உடற்பயிற்சி, உடலுழைப்பு உள்ள வேலை இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லையென்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டுத்தொகை 60 அல்லது அதற்கு மேல் என்றால் அபாயம் அதிகம், 30க்குக் கீழே என்றால் குறைவு.

என் கணக்கு: வயது 44க்கு 20, இடுப்புக்கு 10, நாற்காலி வேலைக்கும் நடக்காத கால்களுக்கும் 30, அம்மாவின் சர்க்கரை நோய்க்கு 10. ஆக மொத்தம் 70. செயலி பச்சை வட்டம் போட்ட அதே உடம்புக்கு!

இந்த எண் யாருக்குப் பொருந்தாது?

குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் மேலே சொன்ன கோடுகளைப் பொருத்தவே கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 17 வந்ததும் ‘எடைக் குறைவு’ என்று நெய்யை ஊற்றும் பெற்றோர் இருக்கிறார்கள். வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனியே வளைகோட்டு அட்டவணை உண்டு; குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். அவர்களுக்குக் கர்ப்பத்துக்கு முந்தைய எடைதான் ஆதாரம். கபடி வீரருக்கும் எடை தூக்குபவருக்கும் 27 வந்தால் அது தசையாக இருக்கலாம், இடுப்பை அளந்தால் தெரிந்துவிடும். இதயம், சிறுநீரகக் கோளாறால் கால் வீங்கியிருப்பவர்களிடம் கருவி காட்டுவது நீரையும் சேர்த்துத்தான்.

முதியவர்கள் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் வேறு. முதுகெலும்பு குறுகி உயரம் குறைவதால் எண் தானாகவே கூடும். எழுபது வயது அப்பாவுக்கு 24 வந்தால் அவர் இட்லியை எண்ணத் தொடங்காதீர்கள். அந்த வயதில் எடை குறைவதுதான் பெரும்பாலும் கவலைக்குரியது. எந்த வயதானாலும் முயற்சி செய்யாமலே எடை இறங்கினால், பிஎம்ஐ எந்த நிறத்தில் இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

படி 7: பின்னோக்கிக் கணக்கு

எண் கூடுதலாக வந்தவர்கள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று இப்படிப் பார்க்கலாம். 23 × 1.62 × 1.62 = 60.4 கிலோ. என் உயரத்துக்கு அதற்குள் இருக்க வேண்டும். அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகக் குறைய வேண்டும். 85 கிலோ உள்ளவர் இந்தக் கணக்கைப் போட்டால் மலைப்பாக இருக்கும். அவர் முதலில் இருக்கிற எடையில் 5 சதவீதத்தை, அதாவது நாலேகால் கிலோவை மட்டும் இலக்காக வைத்தால் போதும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதற்கே இறங்கத் தொடங்கிவிடுவதுண்டு.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் பாருங்கள். தினமும் ஏறினால் நேற்றைய உப்பையும் தண்ணீரையும்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். இடுப்பை மாதம் ஒருமுறை அளந்தால் போதும். நான் நடக்கத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை. இடுப்பு மட்டும் 2 சென்டிமீட்டர் குறைந்தது. பிஎம்ஐ மட்டும் பார்த்திருந்தால் அன்றே நடையை விட்டிருப்பேன்.

இடுப்பு கோட்டைத் தாண்டியிருந்தாலோ, நான்கு கேள்வியில் 60 வந்தாலோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். முதல் நாள் இரவே சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு போனால் ஒரே நடையில் வேலை முடியும். காலைக் காபியும் கூடாது.