நாகர்கோவிலில் இருந்துகொண்டு கூரை திறக்கும் காரை விற்பது எப்படி

ரெண்டே சீட்டு, மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின், 340 குதிரைத்திறன், பட்டனை அழுத்தினால் பத்தே நொடியில் மடங்கிப் பின்னால் போய் உட்காரும் துணிக்கூரை. இப்படி ஒரு வண்டியை வடசேரி பக்கம் நிறுத்தினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், செல்ஃபி எடுப்பார்கள், மைலேஜ் என்ன என்று கேட்பார்கள். வாங்குவதற்கு நம் மாவட்டத்தில் ஆள் தேடினால் ஒரு கை விரலே போதும். நான் நாலு வருடம் வைத்திருந்த பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ வண்டியை விற்க ஐந்து மாதம் ஆனது. அதில் பாதி நாள் வீணானது என் தப்பு. அந்தத் தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு போட்டோ. சங்குத்துறை கடற்கரைப் பக்கம் கொண்டுபோய், அலை பின்னணியில் தெரிய, சாய்ங்கால வெயிலில் கூரையைத் திறந்துவைத்து எடுத்தேன். படம் அருமையாக வந்தது. விளம்பரம் போட்ட முதல் வாரம் பேசிய ஏழெட்டுப் பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, வண்டி கடல் பக்கமா நிக்குது, அடியில துரு உண்டுமா?" கோயம்புத்தூர்க்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் கன்னியாகுமரி என்றாலே உப்புக்காற்று. போதாததற்கு நாமே கடலைக் காட்டிக் கொடுக்கிறோம். படத்தை எல்லாம் தூக்கிவிட்டு, தோவாளைப் பக்கம் மலை தெரிகிற மாதிரி காலை ஏழு மணிக்கு மறுபடி எடுத்துப் போட்டேன். கேள்வி முழுசாக நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் பின்னால் போனது.

இந்த மாதிரி வண்டி வாங்க வருகிறவர்களுக்கு இன்ஜினைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியது எதுவும் இல்லை. உங்களைவிட அதிகம் படித்துவிட்டு வருவார்கள். அவர்களுடைய பயம் ரெண்டே ரெண்டுதான், ஒன்று உப்பு, இன்னொன்று கூரை வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர். தென்மேற்கு, வடகிழக்கு என ரெண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, ஒரு மழை முடிந்து ஈரம் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும், இதுவும் வெளியூர்க்காரருக்குத் தெரியும். ஆகவே விற்பதற்கு முன் நீங்கள் செலவழிக்கும் நேரத்தில் முக்கால்வாசி இந்த ரெண்டுக்கும் போகட்டும்.

கூரையில் ஆரம்பிப்போம். கூரை மடங்கி உட்காரும் பள்ளத்தின் ஓரங்களில் தண்ணீர் வடிய வழி இருக்கும். வேப்பிலை, மண், புளியம்பூ எல்லாம் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இறங்கி கார்பெட்டுக்கு அடியில் தேங்கும், மேலே தொட்டால் காய்ந்துதான் இருக்கும், ஒரு மாதம் கழித்து நாற்றம் வரும்போதுதான் தெரியும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் கழன்றுவிடும். மெல்லிய நைலான் வயரை விட்டுப் பார்த்து, ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டுகிறதா, அதை வீடியோ எடுத்து வையுங்கள். இந்த முப்பது நொடி வீடியோ எனக்குச் செய்த வேலையை வண்டியின் மற்ற எந்தப் படமும் செய்யவில்லை.

கூரைத் துணியை வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னை வைத்து அடிக்க விடாதீர்கள். ஒரு கடையில் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் பையன் தையல் மேலேயே அடித்துவிட்டான், நூல் பிசிறு எழுந்துவிட்டது. அந்தப் பிசிறுக்காகக் கடைசியில் விலையில் பேரம் நடந்தது. மெத்தென்ற பிரஷ், துணிக்கூரைக்கு என்று விற்கிற ஷாம்பு, நிழலில் முழுதாகக் காய்தல், அப்புறம் நீர் ஒட்டாத ஸ்பிரே, அவ்வளவு போதும். ஈரமாக இருக்கும்போது மடக்கினால் பூசணம் பிடிக்கும், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் ரெண்டே நாளில். கண்ணாடி ஓர ரப்பர்களுக்கு ரப்பருக்கான கிரீஸ் போடுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம். சிரிக்காதீர்கள், போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது உப்பு. விற்கிற முடிவு எடுத்ததும் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தை வெறும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி, காய்ந்ததும் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுங்கள். சஸ்பென்ஷன் போல்ட்டில் லேசான துரு இருந்தால் இருக்கட்டும், அதன் மேல் கருப்புப் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். புதுசாகப் பெயின்ட் அடித்த அடிப்பாகத்தைப் பார்த்தவுடன் பார்ட்டி கிளம்பிவிடுவார், அவர் இடத்தில் நான் இருந்தாலும் கிளம்பிவிடுவேன். ரெண்டு நாள் ஓட்டாமல் நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் ஒரு படலம் வரும், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும், ஆனால் புதிதாகப் பார்க்கிறவர் மிரண்டுபோவார். அதனால் பார்க்க வருகிற அன்று காலையிலேயே ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். வெளியே நிற்கும் வண்டிக்குக் கவர் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்மூர்க் காற்றுக்குக் கவர் படபடவென்று அடித்து, உள்ளே மாட்டிய தூசியும் உப்பும் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். ஷெட் இருந்தால் ஷெட், இல்லாவிட்டால் சும்மா விட்டு அடிக்கடி கழுவுவது.

முன் பம்பரின் அடி உதட்டில் உரசல் இருக்கும், இல்லாமல் இருக்காது. பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் நம் ஊர்ச் சாலையில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும், இந்த உயரத்தில் வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஏற்றினாலும் ஒன்றிரண்டு உரசும். அதையும் டார்ச் அடித்துப் படம் எடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள். குறையை முதலில் நீங்கள் சொன்னால் அது தகவல், எதிராளி கண்டுபிடித்தால் ஐம்பதாயிரம் ரூபாய்.

டயரை மறக்கக்கூடாது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 3522 என்றால் 2022ஆம் வருடத்தின் 35ஆவது வாரத்தில் செய்தது. இந்த வண்டியில் முன்னும் பின்னும் அளவு வேறு, மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது, பின் டயர் சீக்கிரம் போகும். தேய்ந்திருந்தால் மாற்றுவதா, விலையில் குறைப்பதா? நான் குறைத்தேன். புது டயரைப் பார்த்தால் "எதையோ மறைக்கிறார்" என்று நினைக்கிற ஆட்களும் உண்டு, மலிவான பிராண்டைப் போட்டால் நினைக்கவே வேண்டாம், நிச்சயம்.

சைலன்சரை மாற்றி, இன்ஜின் மென்பொருளைத் தட்டிக் கூடுதல் சக்தி ஏற்றியிருந்தால் பழையபடி மாற்றி விற்பதுதான் நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு பதிவில் இல்லாத மாற்றங்களை ஒத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, இந்த வகை வண்டிக்குக் கம்பெனி நிலையில் இருப்பதற்குத்தான் மதிப்பு. ஆனால் முன்பு ஏற்றியிருந்ததைச் சொல்லிவிடுங்கள்.

விலைக்கு வருவோம். இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பு என்று போட்டிருக்கும் ஐடிவியை வைத்து விலை சொல்கிற பழக்கம் உண்டு. அது ஒரு அட்டவணைக் கணக்கு, நாலு வருடம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், வண்டி தங்கமாக இருக்கிறதா தகரமாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இதே மாடல், இதே வருடம், கொச்சியிலும் சென்னையிலும் பெங்களூரிலும் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு மாதம் பாருங்கள், அதில் எது சீக்கிரம் விளம்பரத்திலிருந்து காணாமல் போகிறதோ அதுதான் உண்மையான விலைக்குப் பக்கம். ஆடி மாதத்தில் போன் வரவில்லை என்று விலையைக் குறைக்காதீர்கள், யாரும் வாங்க மாட்டார்கள், சாரலில் டெஸ்ட் டிரைவும் கொடுக்க முடியாது. ஆவணி பிறந்தால் நம் பக்கமும் கேரளாப் பக்கமும் கை நீளும், அங்கே மலையாளப் புத்தாண்டான சிங்ஙம் ஒன்றாம் தேதி வண்டி எடுக்கிறவர்கள் ஏராளம். அப்புறம் ஒரு விஷயம், நம்பர் பிளேட்டைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று ஒரு பார்ட்டி என் வீட்டு வாசலில் இருந்தே திரும்பிப் போனார். அதற்கு மருந்து கிடையாது.

டெஸ்ட் டிரைவ் எல்லாருக்கும் கொடுக்கக்கூடாது. பாதிப் பேர் ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள். லைசென்ஸைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எப்படிப் பணம் கட்டப் போகிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள், லோன் என்றால் எந்த பேங்கில் கேட்டிருக்கிறார் என்றும் கேளுங்கள். உண்மையாக வாங்க வந்தவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். முதலில் நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும், திரும்பும்போது அவர். இடத்தைப் பொறுத்தவரை காலை ஆறு மணிக்குக் கன்னியாகுமரி போகிற நாலுவழிச் சாலை நல்லது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கூரையைத் திறந்துகொண்டு போவது காற்றாலைக்குள் தலையை விடுவது மாதிரி, அந்தக் காற்றுச் சத்தத்தில் இன்ஜின் சத்தம் அவருக்குக் கேட்கவே கேட்காது. கூரையை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே மூடிக் காட்டுங்கள், இந்த வண்டியில் 50 வரை மூடலாம், அந்தப் பத்து நொடியில் அவர் முகம் மாறுவதைப் பார்த்தால் விலையில் எவ்வளவு நிற்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் காட்ட வேண்டும் என்றால் சரி என்று சொல்லுங்கள், செலவு அவருடையது, வண்டியோடு நீங்களும் போக வேண்டும்.

பணம். ரெண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதாவது உங்களுக்குத்தான். பேங்க் வழியாகப் பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரில் இருந்து ராத்திரி பகல் எந்நேரமும் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்ற சாக்கு செல்லாது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், வந்த மெசேஜையும் நம்பாதீர்கள், உங்கள் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் அந்தத் தொகையை நேராக லோன் கணக்குக்கே அனுப்பச் சொல்லி, பேங்கில் ஆட்சேபம் இல்லை என்கிற என்ஓசியும், ஆர்சியில் இருந்து கடனை நீக்குவதற்கான படிவம் 35ம் வாங்குங்கள்.

பேப்பரில்தான் நம் ஆட்கள் அசால்ட்டாக இருக்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களைக் கையெழுத்துப் போட்டு, தேதி இல்லாமல் கொடுத்துவிட்டு "மாத்திக்கிடுங்க" என்று விடுவது பழக்கம். 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது, ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர், வண்டி நாலு கை மாறியிருந்தாலும் விபத்து நஷ்டஈடு அவர் தலையில். 340 குதிரைத்திறன் வண்டி, வாங்கினவருக்கு வயது இருபத்தாறு, பதிவில் உங்கள் பெயர். யோசியுங்கள். மாநிலத்துக்குள் என்றால் விற்ற 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். டீலருக்குக் கொடுப்பதாக இருந்தால் அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று பார்த்து, வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கும் படிவம் 29சி போடச் சொல்லுங்கள், 2023 ஏப்ரலில் வந்த விதி இது, அதைப் போட்டுவிட்டால் அடுத்த ஆளுக்கு விற்கும் வரை பொறுப்பு டீலருடையது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு தனிக் கதை உண்டு. வாங்குகிறவர் பெரும்பாலும் களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருந்து வருவார். அப்படியானால் வேறு மாநிலத்துக்கு மாற்ற என்ஓசி கேட்கும் படிவம் 28, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு, நிலுவையில் உள்ள இ-சலான் எல்லாம் கட்டிய ரசீது, பிறகு ஆர்டிஓ தரும் என்ஓசி. கேரளாவில் மீதி வருடங்களுக்கு அவர் வரி கட்ட வேண்டும், அதைச் சொல்லி உங்கள் விலையைக் குறைப்பார். பதிலுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது, இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான பங்கை அங்கே மறுபதிவு ஆனபின் திரும்பக் கேட்கலாம் என்பது. அது யாருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் எழுதாமல் விட்டு, பின்னால் போனில் சங்கடப்பட்டேன்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் எடுக்காததற்குத் தள்ளுபடியாகக் கிடைக்கும் உங்கள் நோ கிளெய்ம் போனஸைத் தக்கவைக்கும் கடிதம் வாங்குங்கள், 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும், மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படும். வண்டி கொடுக்கும் நாள் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், ஓடோமீட்டரைப் படம் எடுங்கள், ரெண்டு சாவியையும் கொடுங்கள். வண்டிக்குள் இருக்கும் போன் நம்பர்கள், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அழித்து, போனில் இருக்கும் ஆப்பில் இருந்து வண்டியை நீக்குங்கள், இல்லாவிட்டால் எர்ணாகுளத்தில் நிற்கிற வண்டியின் கதவை நாகர்கோவிலில் இருந்து நீங்கள் திறக்கலாம், அது யாருக்கும் நல்லதில்லை.

ஃபாஸ்டேக்கை நான் மறந்துவிட்டேன். வண்டி போன அன்று ராத்திரி பதினொன்றே காலுக்குப் போனில் டிங் என்றது. எர்ணாகுளம் பக்கம் கும்பளம் சுங்கச்சாவடியில் என் கணக்கில் இருந்து காசு எடுத்திருந்தார்கள். வண்டி பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.