பேச்செல்லாம் போனிலேயே முடியணும்

பாலியல் தொழிலில் 11 வருஷம் இருந்தேன். இப்போது 9 வருஷமாகச் சென்னையில் இதே தொழிலில் இருக்கும் பெண்களுக்கு ஆணுறை கொடுப்பது, டெஸ்டுக்குக் கூட்டிப்போவது என்று களப்பணி செய்கிறேன். புதுசாக வரும் தங்கச்சிகள் எல்லோரும் முதலில் கேட்பது போலீஸைப் பற்றி. நான் முதலில் சொல்லிக்கொடுப்பது போனில் பேசுவதைப் பற்றி.

எவ்வளவு பணம், எவ்வளவு நேரம், எத்தனை பேர், எதற்குச் சம்மதம், எதற்கு முடியாது, ஆணுறை இல்லாமல் கிடையாது, வீடியோ கிடையாது. இத்தனையும் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடு. கதவு சாத்திய பிறகு நம் பேச்சு எடுபடாது. போனிலேயே "அதெல்லாம் நேரில் பார்த்துக்கலாம்" என்று இழுக்கிற ஆளிடம் போகாதே. அன்றைக்கு வாடகைக்குக் காசில்லை என்றாலும் போகாதே. சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். அப்படி ஒரு நாளில்தான் நான் மாட்டிக்கொள்ள இருந்தேன்.

ஒருத்தர்தான் என்று சொல்லிக் கூப்பிட்ட லாட்ஜ் ரூம் அது. உள்ளே காலை வைத்ததும் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், மூன்று ஜோடி செருப்பு. பாத்ரூமில் தண்ணீர் சத்தம். "போனை ரிசப்ஷனில் விட்டுட்டேன், எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வாங்கியிருந்த 500 ரூபாயை மேஜையிலேயே வைத்துவிட்டேன். பணத்துக்காக அங்கே நின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து எந்த ரூமுக்குப் போனாலும் முதலில் செருப்பைத்தான் எண்ணுவேன். நீயும் எண்ணு. தாழ்ப்பாள் எப்படித் திறக்கிறது என்று ஒரு தடவை திறந்து பார். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளாதே, பிடித்து இழுக்க வசதியாகிவிடும். திறந்து வைத்த எதையும் குடிக்காதே.

தோழி ஒருத்திக்கு லொக்கேஷனையும் ஆட்டோ நம்பரையும் அனுப்பிவிட்டுப் போ. அரைமணி நேரத்தில் அவள் கூப்பிட்டு "அரிசி ஊற வச்சியா?" என்று கேட்கட்டும். "வச்சிட்டேன்" என்றால் நல்லபடி இருக்கிறாய். "மறந்துட்டேன்" என்றால் அவள் உடனே 112-ஐக் கூப்பிட வேண்டும்.

ஆணுறையை நீயே கொண்டுபோ, தேதியைப் பார். தேங்காய் எண்ணெய் பட்டால் கிழிந்துவிடும். கிழிந்துவிட்டால் பயந்துகொண்டு வீட்டில் உட்காராதே. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எச்ஐவி வராமல் தடுக்கும் மாத்திரையைக் கேள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி டெஸ்ட் இலவசம். விவரம் கேட்க 1097.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். 18 வயது நிரம்பியவள் தன் விருப்பத்தோடு இந்தத் தொழில் செய்வது குற்றமில்லை. ஆனால் தெருவில் நின்று ஆள் கூப்பிடுவதும், இந்தத் தொழிலுக்கென்று விடுதி நடத்துவதும் 1956-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ரெய்டு வந்தால் கூடவே இரண்டு பெண் போலீசாவது இருக்க வேண்டும். பையில் ஆணுறை இருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கக்கூடாது என்று 2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் முகத்தையும் பெயரையும் டிவியில் காட்டக்கூடாது என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. இலவச வக்கீலுக்கு 15100.

வேலை முடிந்து வெளியே வந்ததும், ஆட்டோ ஏறுவதற்கு முன்னாலேயே, அரிசி கேட்டவளுக்கு ஒரு போன் போட்டுவிடு. அவள் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள்.