காரப் பதிக்கிறதுக்கு முன்னம்: நாம விடுற பிழைகள்

மண்டூர்த் திருவிழாவுக்குப் போன அண்டுதான், ஸ்பிரிங் மாத்திப் பதிச்ச (உயரத்தக் குறைச்ச) என்ட கார் எவ்வளவு பதிவு எண்டு எனக்கே விளங்கிச்சு. வீட்டு வாசல்ல கழுவி வெச்சுப் பாத்தா அந்த மாதிரி நிக்கும், டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில ரெண்டு விரல் போகாது. அண்டைக்கு பின்னுக்கு மாமா, மாமி, ரெண்டு புள்ளைகள், முன்னுக்கு மனிசி, டிக்கியில அர்ச்சனைச் சாமான், தண்ணிப் போத்தல், பாய். குருமண்வெளியில பாதையில ஏத்தப் போனா (பாதை எண்டா ரோட்டில்ல, வாவியக் கடக்கிற மிதவை, வெளியூர் ஆக்களுக்காகச் சொல்றன்) தண்ணி வத்தி ஏறுற பலகை நல்லா சரிஞ்சு கிடக்கு. முன் டயர் ஏறிட்டு, மறுகா நடுவால கிறீச்செண்டு ஒரு சத்தம், கார் பலகையில குந்திட்டு. நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பாக்குது. மாமா ஒண்டும் கதைக்கல, மெதுவாக் கதவத் திறந்து இறங்கினார். அவர் இறங்கினதோட கார் ஏறிட்டு. அதுதான் எனக்கு ஆக வெக்கமாப் போச்சு.

அதுக்குப் பிறகு இந்த விசயத்துல கொஞ்சம் காசும் கூட நேரமும் செலவழிச்சு படிச்சிருக்கன். தினம் வேலைக்கு ஓடுற காரப் பதிக்கப் போற தம்பிமாருக்கு நான் விட்ட பிழைகளையும் கூட்டாளிமார் விட்டதையும் சொல்லலாம் எண்டு இத எழுதுறன். 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டவங்க, விலை இண்டைக்கும் தொட ஏலாது, அதால இருக்கிற ஒத்தக் காரப் பழுதாக்கினா சும்மா விளையாட்டில்ல.

முதல் பிழை, எல்லாரும் விடுறது, மட்காட் இடைவெளியப் படத்துல பாத்து இவ்வளவு இறக்கணும் எண்டு முடிவெடுக்கிறது. பாக்க வேண்டியது இறக்கினதுக்குப் பிறகு ஷொக்குக்கு (ஸ்பிரிங்ட ஆட்டத்த அடக்கிற எண்ணெய்க் குழாய்) மேல போக எவ்வளவு இடம் மிச்சம் எண்டுறத. ஷொக் தண்டுல ஒரு ரப்பர் கட்டை இருக்கு, சில்லு மேல வந்து வந்து கடைசில அதுல முட்டும். என்ட டொயோட்டா 121 கொரோலாவுல பின்னுக்கு அந்தக் கட்டை முட்டுற வரைக்கும் வெறுங்கார்ல 80 மிமீ அளவு இருந்திச்சு, அளந்து பாத்தது. நான் போட்ட ஸ்பிரிங் 40 மிமீ இறக்கிற ஸ்பிரிங். மிச்சம் 40. இப்ப பின் சீட்டுல மாமா குடும்பம், டிக்கி, எல்லாம் சேத்து பின் அக்சிலுக்கு ஒரு 200 கிலோ ஏறுது எண்டு வைங்க. ஒரு பக்க ஸ்பிரிங் ஒரு மிமீ அமத்த 2 கிலோ எடுக்கிறதெண்டா ரெண்டு பக்கமும் சேந்து 4 கிலோ, 200ஐ 4ஆல பிரிச்சா 50 மிமீ. இருந்ததே 40தான். அப்ப கார் ஓடத் துடங்க முன்னமே ரப்பர்ல குந்தியாச்சு, ஸ்பிரிங் எண்டு ஒரு சாமான் வேலையே செய்யல. ஆரையம்பதி தாண்டக்குள்ள ஒவ்வொரு பம்புக்கும் மாமி "அம்மாளே" எண்டது சும்மாவில்ல.

அப்ப ஸ்பிரிங்க இறுக்கமாக்கினாச் சரிதானே எண்டு கேப்பீங்க. ஓம், அதனாலதான் இறக்கிற ஸ்பிரிங் எல்லாம் கம்பனி ஸ்பிரிங்க விட இறுக்கம். ஆனா கணக்க ஒருக்காப் பாருங்க: அமத்திற தூரம் பாதியாக் குறைஞ்சா, அதே அடியத் தாங்க ஸ்பிரிங் ரெண்டு மடங்கில்ல, நாலு மடங்கு இறுக்கமா இருக்கணும், ஏனெண்டா ஸ்பிரிங் வாங்கிற சக்தி தூரத்துட வர்க்கத்தோட போறது. நாலு மடங்கு இறுக்கினா மாட்டு வண்டிலயே சொகுசு எண்டு சொல்லுவீங்க. அதால ஒருத்தரும் அவ்வளவு இறுக்கிறதில்ல, மிச்ச அடிய ரப்பர் கட்டையும் உங்கட முதுகும் வாங்குது. என்ட அபிப்பிராயம், எங்கட பக்கம் குடும்பத்தோட ஓடுற காருக்கு 25, மிஞ்சினா 30 மிமீ. அதுக்கு மேல கேட்டா ரெண்டாவது கார் இருக்கோணும்.

இத அறிய மெசின் ஒண்டும் வேணாம். ஷொக் தண்டுட டஸ்ட் கவரத் தூக்கிட்டு ஒரு கேபிள் டைய தண்டச் சுத்திக் கட்டி, அடியில ஷொக் உடம்போட முட்டத் தள்ளி விடுங்க. மறுகா வீட்டு ஆக்கள் எல்லாரையும் ஏத்திக் கொண்டு நீங்க வழமையா போற ஆக மோசமான ரோட்டுல ஒரு ஓட்டம். வந்து பாத்தா டை எதுவரைக்கும் ஏறி நிக்குதோ அதுவரைக்கும் ஷொக் போயிருக்கு. ரப்பர் வரைக்கும் ஏறியிருந்தா இறக்க முன்னமே உங்கட கார் கடைசி மட்டும் போய் வருது எண்டு அர்த்தம். உயரம் அளக்கிறதெண்டாலும் தரையில இருந்து அளக்காதீங்க, சில்லுட நடுவுல இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் அளங்க, அப்பதான் டயர் காத்து கூடக் குறைய இருந்தாலும் கணக்கு மாறாது.

எழுவான்கரையில (வாவிக்குக் கிழக்க, கடல் பக்கம்) மட்டும் ஓடுறவனுக்கு இது பெரிசா விளங்காது. மட்டக்களப்புல இருந்து கல்முனை, அக்கரைப்பற்று எண்டு போற ஏ4 ரோட்டு காபட், பள்ளிக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால பம்ப் இருக்கே தவிர வேற கரைச்சல் இல்ல. வாவிக்கு மேற்க, படுவான்கரைக்குக் கிறுகினாத்தான் தெரியும், கிரவல் ரோட்டு, மழைக்கு அரிச்ச குழி, வட்டைக்குள்ளால (வயலுக்குள்ளால) போனா ரெண்டு பக்கமும் டிரக்டர் தடம், நடுவுல மண் திட்டி. டயர் தடத்துக்குள்ள, சம்ப் (எஞ்சினுக்குக் கீழ இருக்கிற எண்ணெய்த் தொட்டி) திட்டியில. ஆகலும் வேண்டாத இடத்துல எண்ணெய் ஒழுகும்.

ஸ்பிரிங் வெட்டுறது. இன்னும் கிரைண்டரால ஒரு சுத்து வெட்டித் தாற பாஸ்மார் (மெக்கானிக்மார்) இருக்காங்க, செலவு சோடாக் காசு. வெட்டினா ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமாகிறது உண்மைதான், வேலை செய்யிற சுத்து ஆறு இருந்து ஒண்ட வெட்டினா அஞ்சுக்கு ஆறு எண்ட கணக்குல 20 வீதம் கூடும். ஆனா கரைச்சல் நீளத்துல. சில்லு பள்ளத்துக்குள்ள தொங்கக்குள்ள ஷொக் முழுசா நீளும், வெட்டின ஸ்பிரிங் அந்தளவு நீளம் காணாது, இருக்கிற தட்ட விட்டுக் கழண்டு நிக்கும், திரும்ப ஏறக்குள்ள டக்கெண்டு வந்து குந்தும், ஒரு நாள் சரியான இடத்துல குந்தாம விலகிக் குந்தும். கேஸ் அடிச்சு சூடாக்கிப் பதிய விடுறது அத விட மோசம், இரும்புட பதம் போயிரும், ரெண்டு பக்கமும் ஒரே அளவாப் பதியவும் மாட்டாது. இதப் பத்தி நான் வேற ஒண்டும் கதைக்க விரும்பல, செய்யாதீங்க.

பழைய ஷொக்குல புது ஸ்பிரிங் போடுறது நான் விட்ட பிழை. இறுக்கமான ஸ்பிரிங் அமந்து திரும்பி வாற வேகம் கூட, அத அடக்க ஷொக் காணாது, பம்ப் ஏறி இறங்கினா கார் ரெண்டு மூண்டு தரம் தலையாட்டும். அதோட தண்டு எந்த நேரமும் கீழுக்கு அமந்த இடத்திலயே ஓடுது, அடிக்கடி ரப்பர்ல முட்டுது, ஏற்கனவே 1 லட்சம் கிலோமீற்றர் ஓடின ஷொக்கெண்டா சீல் போய் எண்ணெய் கசியும். என்டது அஞ்சாம் மாசம் பின் ரெண்டும் ஒழுகிட்டு. ஸ்பிரிங்குக்கு ஏத்த கட்டையான ஷொக் சேத்து வாங்கிற காசு இல்லயெண்டா பொறுங்க, ஸ்பிரிங் எங்கயும் ஓடிராது.

கொயிலோவர் (ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒண்டா, உயரத்தத் திருகி மாத்திற செட்) வாங்கிறவங்க வேற மாதிரி மாட்டுறாங்க. கொழும்பு பஞ்சிகாவத்தையில ஜப்பான்ல கழட்டின செட் வரும், பேர் போன பிராண்டா இருக்கும், ஸ்பிரிங்ல 8 எண்டோ 10 எண்டோ அடிச்சிருக்கும். அது ஒரு மிமீ அமத்த 8 கிலோ, 10 கிலோ எண்ட கணக்கு, ரேஸ் ஓடுறவன் போட்டது. தினம் ஓடுற சின்னக் காருக்கு முன்னுக்கு 4, 5 காணும். ஷொக்க கையால அமத்தி விட்டுப் பாருங்க, திரும்பி ஒரே சீரா மெதுவா வரணும், நடுவுல ஒரு இடத்துல சும்மா வழுக்கினா உள்ளுக்கு முடிஞ்சுது. மேல் மவுன்ட் ரப்பரா இரும்புக் குண்டா எண்டும் பாருங்க, குண்டெண்டா எங்கட மணலும் உப்பும் சேந்து ஆறு மாசத்துல டொக்கு டொக்கெண்டு கதைக்கும்.

பூட்டினாப் பிறகு நடக்கிற பிழை இன்னொண்டு. உயரத்த ஸ்பிரிங் இருக்கிற தட்டத் திருகி இறக்கினா, ஷொக்குக்குள்ள இருக்கிற மேல் இடமும் சேந்து குறையுது. நல்ல செட்டுல அடிப் பக்கம் தனியாத் திருகிற பிறாக்கெட் இருக்கும், உயரத்த அதாலதான் மாத்தோணும், அப்ப ஷொக்குட ஓட்டம் குறையாது. பழைய ஷொக்குக்கு மேல அலுமினியக் குழாய் போட்டு திருகு வெட்டின மலிவு சாமானும் கொயிலோவர் எண்டுதான் விப்பாங்க, அதுல இந்த வசதி இல்ல.

இறக்கின கையோட 17 றிம்மும் போடுறது. என்ட கார்ல இருந்த டயர் 185/70/14 (அகலம் மிமீல, சுவர் அகலத்துல எத்தின வீதம், றிம் அங்குலத்துல), பக்கச் சுவர் 129 மிமீ. 205/45/17 போட்டா வெளி வட்டம் கிட்டத்தட்ட அதே, ஆனா சுவர் 92. ஸ்பிரிங்ல 40ஐ எடுத்திட்டு டயர்லயும் 37ஐ எடுக்கிறீங்க. 15 றிம், 195/60, அதுவே வடிவு. 17தான் வேணுமெண்டா கார இறக்காம போடுங்க.

இப்ப கராஜ்ல பக்கத்துல நிண்டு பாக்க வேண்டிய விசயம், இதுதான் ஒருத்தரும் சொல்லாதது. லோவர் ஆர்முட (சில்லக் காரோட பிடிக்கிற கீழ்க் கை) புஷ் இரும்புக் குழாயோட ஒட்டின ரப்பர், அது சுழலாது, முறுகும். கார் ஜாக்குல, சில்லு தொங்கிக் கொண்டு நிக்கக்குள்ள அந்த போல்ட்ட இறுக்கினா, தொங்கிற நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. கீழ இறக்கினா ஆர்ம் 15 பாகை அளவு மேல கிறுகும், அவ்வளவும் ரப்பர் முறுகியே நிக்கும், நிப்பாட்டி வெச்சிருக்கிற இரவிலயும். நாலு மாசத்துல வெடிக்கும், மறுகா இறக்கினதாலதான் புஷ் போச்சு எண்டு கதை. போல்ட்டுகள விரலால மட்டும் பூட்டி, காரச் சில்லுல நிக்க வெச்சு, பிட்டுக்குள்ள இறங்கியோ சில்லுக்குக் கீழ ஜாக் வெச்சு தூக்கியோ கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்க. பின் பீம்முட (பின் சில்லு ரெண்டையும் சேத்துப் பிடிக்கிற இரும்பு) புஷ்ஷுக்கும் இதே கதை. பாஸ் ஒரு மாதிரிப் பாப்பார், பாக்கட்டும்.

அலைமன்ட் (சில்லு நிக்கிற கோணத்தத் திருத்திறது) அண்டைக்கே செய்யாதீங்க, ஸ்பிரிங் பதியட்டும், ஒரு 300, 400 கிலோமீற்றர் ஓடிட்டுச் செய்யுங்க, அதுக்காக விட்டிரவும் வேணாம். டயரத் திங்கிறது கேம்பர் (முன்னால நிண்டு பாத்தா சில்லு சரிஞ்சு நிக்கிறது) எண்டு எல்லாரும் சொல்றது, கூடத் திங்கிறது டோ (மேல இருந்து பாத்தா சில்லு உள்ளுக்கோ வெளியிலயோ திரும்பி நிக்கிறது). ஒரு சில்லு கால் பாகை பிழையா நிண்டா ஒரு கிலோமீற்றருக்கு 4 மீற்றருக்கு மேல பக்கவாட்டுல தேய்படுது. மட்டக்களப்புல இருந்து கல்முனைக்கு நான் போய்வாறது 80 கிலோமீற்றர் அளவு, அப்ப ஒரு நாளைக்கு 350 மீற்றர் டயர ரோட்டுல அரம் போட்ட மாதிரி. 121 மாதிரி பின்னுக்கு பீம் இருக்கிற கார்ல பின் டோவும் கேம்பரும் திருத்த போல்ட் இல்ல, பழைய ஹொண்டா ஈகே சிவிக் மாதிரி ஆர்ம் கூடின கார்ல இறக்கினா கேம்பர் நல்லாவே சரியும், அதுக்குத் தனியா ஆர்ம் வாங்கோணும், அந்தக் காசையும் முன்னமே சேத்து யோசிங்க.

லைட்ட யோசிக்கிறது குறைவு. கூட்டாளி ஒருத்தன் முன்ன மட்டும் பின்ன விட 20 மிமீ கூட இறக்கி மூக்க குத்த வெச்சிருந்தான். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 2600 மிமீ, அதுக்கு 20 எண்டா சின்னச் சரிவுதான், ஆனா லோ பீம் இருக்கிறதே நூறுக்கு ஒண்டு எண்ட சரிவுல, 65 மீற்றர் வரைக்கும் விழுந்த வெளிச்சம் 35லயே முடிஞ்சிட்டு. 60ல போனா அது ரெண்டு செக்கன் தூரம். எங்கட ரோட்டுல இரவுல கறுத்த மாடு படுத்துக் கிடக்கிறத நான் சொல்லத் தேவையில்ல. சுவருக்கு முன்னால நிப்பாட்டி இறக்க முன்னம் வெளிச்சம் விழுற கோட்ட சோக்கால கீறி வையுங்க, பிறகு அதப் பாத்துத் திருகலாம்.

உப்பு. கல்லடிப் பக்கம் கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம், கொயிலோவர் திருகுல அலுமினிய வளையம் ஒரு மாரி கழிஞ்சா இறுகிப் பிடிச்சிரும், சி ஸ்பானர் வழுக்கும், கடைசில உளி வெச்சு அடிக்கிற நிலைமைதான். மாசத்துக்கொருக்கா நல்ல தண்ணி அடிச்சு, பிரசால தேச்சு, காய விட்டு கிறீஸ் பூசுங்க. கார்த்திகை மார்கழி வெள்ளத்துக்க இறக்கின கார விடவே வேணாம், காத்து உறிஞ்சிற குழாயையும் கீழ இறக்கி வெச்சிருந்தா எஞ்சின் தண்ணி குடிக்கும். இன்சூரன்ஸ்காரருக்கும் மாத்தினதச் சொல்லி எழுத்துல வாங்கி வையுங்க.

கம்பனி ஸ்பிரிங்க மட்டும் வித்திராதீங்க. கார விக்கப் போனா வாங்க வாறவர் முதல் கேக்கிறது அதத்தான். என்ட ரெண்டு சோடியும் கிறீஸ் பூசி உரப்பையில சுத்தி கட்டிலுக்குக் கீழ கிடக்கு, மனிசி ரெண்டு தரம் பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கப் பாத்துட்டா.