வெட்டிய வெள்ளி டாலர் துண்டைச் சோதிப்பது எப்படி?

சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் கரீபியன் தீவுகளில் ஸ்பானிய வெள்ளி டாலரை (8 ரியால்) துண்டு போட்டு, அதில் தீவின் முத்திரையைக் குத்திப் புழக்கத்தில் விட்டார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால் கண் முதலில் முத்திரைக்குத்தான் போகும். அதைக் கடைசிக்கு வையுங்கள். போலி செய்பவருக்கு அதுதான் சுலபமான வேலை.

வேண்டியவை: 0.01 கிராம் காட்டும் தராசு, 10 மடங்கு லென்ஸ், பாகைமானி, ஒரு டம்ளர் தண்ணீர், தையல் நூல்.

1. வளைந்த வெளிவிளிம்பைப் பாருங்கள். 1772 முதல் வந்த, அரசர் தலை பொறித்த டாலரில் வட்டமும் செவ்வகமும் மாறி மாறி வரும். வார்ப்புப் போலியில் இது மழுங்கியிருக்கும்.

2. கூர்முனைக் கோணத்தை அளந்து, எடை போடுங்கள். முழு டாலர் 27.07 கிராம், பாகைக்கு 0.075. கால் துண்டு (90°) 6.77 வர வேண்டும், தேய்மானம் போகச் சற்றுக் குறையலாம். எடை குறைவு என்றாலே போலி என்று தள்ளிவிடாதீர்கள். குராசோ தீவில் டாலரை ஐந்தாகவே வெட்டி, உள்ளூர்க் கணக்கில் 3 ரியால் என்று 3ஆம் எண்ணைக் குத்தினார்கள்: 72°, சுமார் 5.4 கிராம். கோணமும் எடையும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. முனை நாணயத்தின் மையத்தில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு உதவாது. செயிண்ட் லூசியாவின் 1813 துண்டுகளுக்கும் உதவாது. அங்கே இரண்டு நேர்வெட்டில் மூன்றாக்கினார்கள்.

3. தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து சுழியம் ஆக்குங்கள். துண்டை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். 6.70 கிராம் துண்டுக்கு 0.65 காட்டினால் அடர்த்தி 10.3, நல்ல டாலர் வெள்ளி. 9க்குப் பக்கத்தில் வந்தால் செம்பு, நிக்கல் கலவையாக இருக்கலாம். அதற்குமுன் நூல் முடிச்சில் காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரு குமிழ் போதும், நல்ல வெள்ளியும் மட்டமாகத் தெரியும்.

4. வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள். பழைய வெட்டு, நாணயத்தின் முகம் போலவே கறுத்து, ஓரம் கைபட்டு மழுங்கியிருக்கும். முகம் கறுத்து வெட்டு மட்டும் பளிச்சென்றால், அசல் டாலரை அண்மையில் யாரோ வெட்டியிருக்கிறார்கள். இந்த வகைப் போலி எடையிலும் அடர்த்தியிலும் தேறிவிடும். ஆகவே புளி, பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் இந்தச் சாட்சி போய்விடும்.

5. இப்போது முத்திரை. சுத்தியலால் குத்தியிருந்தால் அதற்கு நேர் பின்பக்கம் தட்டையாகியிருக்கும். பின்பக்க எழுத்துகள் நசுங்காமல் முழுதாக நின்றால், வாங்காதீர்கள்.