மண்சுவரில் ஓவியமும் சிற்பமும்: வன்னியில் செய்துபார்க்க ஒரு வழி

ஓவியம், சிற்பம், கட்டடம் மூன்றையும் ஒரே படைப்பில் இணைக்க விரும்புபவர் எட்டடி நீளமான ஒரு மண்சுவரில் தொடங்குவது நல்லது. ஜெர்மனிய ஓவியர் குர்ட் ஷ்விற்றர்ஸ் ஹனோவரில் தமது வீட்டின் உட்புறத்தையே மரமும் சாந்தும் கொண்டு ஒரு படைப்பாக மாற்றியிருந்தார். 1943இல் குண்டுவீச்சில் அது அழிந்தபோது அவர் இங்கிலாந்தில் அகதியாக இருந்தார். 1947இல் அங்கே ஒரு கற்கொட்டிலின் சுவரில் மீண்டும் தொடங்கினார். போரில் வீடுகளை இழந்த இலங்கையின் வன்னியில் இக்கதைக்கு விளக்கம் தேவையில்லை.

மாரிமழையில் விளையும் காலபோக நெல்லின் அறுவடை முடிந்து வைக்கோல் கிடைக்கும் மாசி, பங்குனி மாதங்களே சுவர் வைக்க ஏற்றவை. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்பட்ட காணியிலன்றி வேறெங்கும் மண் வெட்டக்கூடாது. மன்னாரின் முருங்கன் பக்கத்துக் கருங்களிமண் காயும்போது பாளமாக வெடிக்கும். அதற்கு மணல் அதிகம் வேண்டும். மண்ணைத் தண்ணீருடன் ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல் அடியிலும் களி மேலும் படியும். களி ஏறத்தாழ காற்பங்கு இருந்தால் போதும். மண்ணை இரவு முழுதும் ஊறவைத்து, நறுக்கிய வைக்கோலைச் சேர்த்து மிதித்து, ஒரு படை ஓரடிக்கு மிகாமல் வைத்து, அது இறுகிய பின்னரே அடுத்த படையை ஏற்ற வேண்டும்.

சுவர் ஆறடி உயர்ந்ததும் சிற்பத்தில் கைவைக்காமல் முதலில் கூரையைப் போடுங்கள். இந்த வேலையின் சூட்சுமம் சுவருக்கு வெளியே நீளும் கூரையோரமான தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. கிழக்கு நோக்கிய சுவருக்குக் காலை வெயில் கிடைக்கும். ஆனால் வடகீழ்ப் பருவமழையின் சாரலும் அதே முகத்தில்தான் அடிக்கும் என்பதால் கிடுகுத் தாழ்வாரம் மூன்றடியாவது வெளியே நீள வேண்டும். வெயில் ஏற ஏற அதன் நிழல் சுவரில் மேலிருந்து கீழே இறங்கும். ஒரு நாள் காலையில் ஏழு மணி முதல் மணிக்கொரு தடவை அந்த நிழலோரத்தைக் கரித்துண்டால் கோடிட்டு வையுங்கள். உங்கள் ஓவியத்தின் முதற்கோடுகள் அவையே; எந்த உருவத்தை வெயிலில் நிறுத்துவது, எதை எட்டரை மணிக்கே நிழலுக்குள் விடுவது என்று அவற்றைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.

சுவரிலிருந்து புடைத்து நிற்கும் சிற்பமான புடைப்பை வைக்கும் இடத்தைக் கீறி நனைத்து, களிக்குழம்பு பூசி, அதன்மேல் மண்ணை அப்புங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் புடைக்கும் பகுதிக்குள் மரமுளை அறைந்து கயிறு சுற்றாவிட்டால், காய்ந்ததும் அது தன் பாரத்தாலேயே விழுந்துவிடும். வெடிப்புகளை அதே மண்ணை அரித்து எடுத்த குழம்பால் அடைக்கலாம். சுவரடியில் ஒரு குந்து வைத்தால் பார்ப்பவர் உட்காரவும் இடம் கிடைக்கும். உட்கார்ந்தவரின் கண்மட்டம் தாழ்வதால் உருவங்களையும் சற்றுத் தாழ்வாகவே வையுங்கள்.

என் முதற்சுவரில் கடையில் வாங்கிய இமல்ஷன் வர்ணம் பூசினேன். மார்கழியில் உள்ளீரம் வெளியேற வழியின்றி நிறம் அப்பளம்போலப் பொங்கி உரிந்தது. சீமெந்துப் பூச்சும் அப்படித்தான் செய்யும். ஆகவே நீறிய சுண்ணாம்பைப் பால்பதத்தில் கரைத்து, செங்காவியோ கரிப்பொடியோ சேர்த்து, நனைத்த சுவரில் மெல்லிய பூச்சுகளாக இடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறும் என்பதால், ஓர் ஓட்டுத்துண்டில் பூசி ஒரு நாள் காயவைத்துப் பார்த்த பின்னரே சுவரைத் தொடுங்கள்.